ஒரே நாளில் விழுந்த பங்கில் ஆப்ஷன் விற்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 ஜனவரி 16 மாலை எச்.டி.எஃப்.சி. வங்கியின் மூன்றாம் காலாண்டு முடிவு வந்தது. மறுநாள் பங்கு 8 சதவீதத்துக்கு மேல் சரிந்து, 1,679-இலிருந்து 1,537-க்கு வந்து நின்றது. அன்று மதியமே நண்பர்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்: "இவ்வளவு விழுந்தாச்சு, இனிமே எங்க விழப்போகுது? 1,500 புட் வித்துடலாமா?" அதற்குப் பிறகு எந்தப் பெரிய பங்கு விழுந்தாலும் அதே கேள்வி, எண் மட்டும் மாறி வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நான் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு பெற்ற ஆலோசகன் இல்லை. சில வருடங்களாக ஆப்ஷன் விற்று, கொஞ்சம் சம்பாதித்து, கொஞ்சம் சூடும் பட்டவன், அவ்வளவுதான்.

புட் விற்பது என்றால் உண்மையில் என்ன செய்கிறோம்?

ஆப்ஷன் என்பது ஒரு பங்கை இன்ன தேதியில் இன்ன விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம். வாங்கும் உரிமை கால், விற்கும் உரிமை புட். அந்த விலைதான் ஸ்ட்ரைக், அந்தத் தேதி எக்ஸ்பைரி, உரிமைக்குக் கொடுக்கும் பணம் பிரீமியம். எல்.ஐ.சி.க்கு நாம் கட்டுவதும் பிரீமியம்தான். இங்கே நாமே எல்.ஐ.சி. ஆகிவிடுகிறோம். 1,500 புட் விற்றால், "எக்ஸ்பைரி அன்று பங்கு என்ன விலையில் இருந்தாலும் 1,500 கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்" என்று யாரோ ஒருவருக்கு வாக்குக் கொடுக்கிறோம். அந்த வாக்குக்கு முன்கூட்டியே கிடைக்கும் கூலி பிரீமியம். பங்கு 1,500-க்கு மேலே நின்றால் கூலி முழுக்க நமக்கு. கீழே போனால் வாக்கைக் காப்பாற்ற வேண்டும். கால் விற்றால் இதற்கு மறுபக்கம்: சொன்ன விலைக்குப் பங்கைக் கொடுத்துவிடுகிறேன் என்ற வாக்கு.

விழுந்த பிறகு பிரீமியம் ஏன் இவ்வளவு கொழுத்துப்போகிறது?

பயம்தான். ஆப்ஷன் விலைக்குள் ஐ.வி. (இம்ப்ளைட் வாலட்டிலிட்டி) என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. வரும் நாட்களில் இந்தப் பங்கு எவ்வளவு ஆடும் என்று சந்தை நினைக்கிறதோ அதன் அளவு. பங்கு சட்டென்று விழுந்தால், கையில் பங்கு வைத்திருப்பவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் புட் வாங்க ஓடுகிறார்கள். விற்க ஆள் குறைவு, விலை ஏறுகிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. காலாண்டு முடிவு என்பது தேதி தெரிந்த சம்பவம். அதற்கு முந்தைய நாட்களிலேயே ஐ.வி. ஏறி, முடிவு வந்த மறுநாள் இறங்குவது வழக்கம். யாரும் எதிர்பார்க்காத செய்தி என்றால் செய்திக்குப் பிறகுதான் ஐ.வி. ஏறும். இரண்டாவது வகையில்தான் பிரீமியம் கண்ணைப் பறிக்கும். "இவ்வளவு கொடுக்கிறானே" என்று தோன்றும்போது, ஏன் கொடுக்கிறான் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். அந்தப் பக்கம் வாங்குபவன் ஏமாளி இல்லை.

அன்று எச்.டி.எஃப்.சி. வங்கி 1,500 புட் விற்றவர்களுக்கு என்ன ஆனது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிரீமியம் 22 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண். ஆப்ஷனை லாட் என்ற கட்டாகத்தான் விற்க முடியும்; அப்போது ஒரு லாட் 550 பங்கு. 22 × 550 = 12,100 ரூபாய் கைக்கு வந்தது. எக்ஸ்பைரி ஜனவரி 25, அதாவது எட்டே நாள். எட்டு நாளில் பன்னிரண்டாயிரம் என்றால் யாருக்குக் கசக்கும்?

1,500-இல் வாங்கிய 22-ஐக் கழித்தால் நஷ்டமில்லாத எல்லை 1,478. மறுநாள், 18-ஆம் தேதி, பங்கு இன்னும் 3 சதவீதம் இறங்கி 1,486-க்கு வந்தது. எல்லைக்கு எட்டு ரூபாய்தான் மிச்சம். எக்ஸ்பைரி அன்று 1,435-ஐ ஒட்டி முடிந்தது. 1,500-இல் 1,435-ஐக் கழித்தால் 65, வாங்கிய 22-ஐக் கழித்தால் 43. அதை 550-ஆல் பெருக்கினால் 23,650 ரூபாய் நஷ்டம். வாங்கிய கூலியைப் போல இரண்டு மடங்கு. வட்டிக்கு ஆசைப்பட்டு முதலுக்கே மோசம் என்பார்களே, அது.

பங்கு அதோடும் நிற்கவில்லை. பிப்ரவரி நடுவில் 1,363 வரை போய்வந்தது. மறுபடி 1,500-ஐத் தாண்டியது ஏப்ரல் முதல் வாரத்தில்தான். ஜூலை தொடக்கத்தில் 1,790-ஐயும் தொட்டது. வங்கி நல்ல வங்கி என்று நம்பியவர்கள் தப்பாக நம்பவில்லை. ஆனால் எட்டு நாள் எக்ஸ்பைரியில் புட் விற்றவருக்கு ஜூலையில் நடந்தது என்ன பிரயோஜனம்?

ஒரே நாளில் 8 சதவீதம் விழுந்த பிறகும் ஏன் நிற்கவில்லை?

ஜனவரி 17 அன்று மட்டும் வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர்கள் இந்தியச் சந்தையில் நிகரமாகப் பத்தாயிரம் கோடிக்கு மேல் விற்றார்கள். அவ்வளவு பெரிய கைகள் ஒரு பங்கைக் குறைக்க முடிவுசெய்தால் ஒரே நாளில் விற்றுவிட முடியாது. நாள்கணக்கில், ஏன் வாரக்கணக்கில்கூடப் போகும். தவிர, அன்றைய கவலை ஒரு காலாண்டின் லாபம் பற்றியது அல்ல. வீட்டுக் கடன் தந்துவந்த எச்.டி.எஃப்.சி. நிறுவனத்தோடு இணைந்த பிறகு வங்கியின் கடன், வைப்புத்தொகையைவிட அதிகமாகி, விகிதம் 110 சதவீதத்தை ஒட்டி இருந்தது. வைப்புத்தொகையைத் திரட்டப் பல காலாண்டுகள் ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பல காலாண்டுப் பிரச்சினைக்கு ஒரு நாள் சரிவு முழு விலை ஆகாது.

அப்படியானால் விழுந்த பங்கில் புட் விற்கவே கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. செய்தி முடிந்துவிட்டதா, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். எத்தனை சதவீதம் விழுந்தது என்பது அடுத்ததுதான்.

இரண்டு பங்குகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2025 மார்ச் 10 மாலை, டெரிவேட்டிவ் (ஆப்ஷன்போல வேறொன்றின் விலையைச் சார்ந்த ஒப்பந்தங்கள்) கணக்கில் முரண்பாடு இருப்பதாகவும் அதன் பாதிப்பு நிகர மதிப்பில் சுமார் 2.35 சதவீதம் என்றும் இண்டஸ்இண்ட் வங்கி அறிவித்தது. மறுநாள் பங்கு 27 சதவீதம் விழுந்து, 900-இலிருந்து 656-க்கு வந்தது. அடுத்த நாள் 606-ஐத் தொட்டுவிட்டுத் திரும்பியது. அந்த மாதம் முடியும்வரை அந்த அடியை உடைக்கவில்லை. விழுந்த அன்றே 550 புட் விற்றவர் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது 2023 ஜனவரி. 24-ஆம் தேதி, அதானி குழுமம் மோசடி செய்ததாகக் குற்றம்சாட்டி அமெரிக்காவின் ஹிண்டன்பர்க் நிறுவனத்தின் அறிக்கை வந்தது. அதானி என்டர்பிரைசஸ் 3,440 வாக்கில் இருந்து, 27-ஆம் தேதி 2,762-க்கு வந்தது. ஒரே நாளில் 18 சதவீதச் சரிவு. "அவ்வளவுதான், முடிந்தது" என்று 2,400 புட் விற்றவரை நினைத்துப் பாருங்கள். 31-ஆம் தேதி பங்கு 2,970-ஐத் தாண்டி நின்றது. அவர் மேதாவிபோலத் தெரிந்திருப்பார். பிப்ரவரி 1 அன்று 28 சதவீதம் போனது. இரவு 20,000 கோடி ரூபாய் பங்கு வெளியீட்டை நிறுவனம் திரும்பப் பெற்றது. 2-ஆம் தேதி 1,565. 3-ஆம் தேதி நாளின் நடுவில் 1,017.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? இண்டஸ்இண்டில் குறைந்தபட்சம் ஒரு எண் கையில் இருந்தது. அந்த எண் சரியா என்ற சந்தேகமும் இருந்தது, அதனால் அதையும் நான் பாதுகாப்பான வியாபாரம் என்று சொல்ல மாட்டேன். அதானியில் எண்ணே இல்லை. அடுத்து யார் என்ன சொல்வார்கள், வெளியீடு நடக்குமா, கடன் கொடுத்தவர்கள் என்ன செய்வார்கள், எதுவும் தெரியாது. ஆழம் தெரியாத இடத்தில் பிரீமியம் அதிகமாகத்தான் இருக்கும்.

சர்க்யூட் வந்து காப்பாற்றாதா?

சர்க்யூட் என்பது ஒரு நாளில் விலை இவ்வளவுக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்ற எல்லை. எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் சந்தையில்) உள்ள பங்குகளுக்கு மற்றப் பங்குகளைப் போல நிலையான சர்க்யூட் கிடையாது. 10 சதவீதத்தில் தொடங்கும் எல்லை, விலை அங்கே போய் முட்டினால் தளர்ந்துகொண்டே போகும். இண்டஸ்இண்ட் ஒரே நாளில் 27 சதவீதம் விழ முடிந்தது அதனால்தான்.

எந்த ஸ்ட்ரைக்கை எடுப்பது?

பிரீமியத்தைப் பார்த்து ஸ்ட்ரைக்கைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பெரும்பாலானவர்கள் எல்லா ஸ்ட்ரைக்கின் பிரீமியமும் வரிசையாக இருக்கும் ஆப்ஷன் செயினைத் திறந்து, "பத்தாயிரம் கிடைக்கிற இடம் எது" என்றுதான் தேடுகிறார்கள். நான் தலைகீழாகச் செய்வேன். செயினைத் திறப்பதற்கு முன், இந்தப் பங்கு என்ன விலைக்கு வந்தால் ஒரு லாட்டையும் சந்தோஷமாக வாங்கி இரண்டு வருடம் வைத்துக்கொள்வேன் என்று ஒரு தாளில் எழுதுவேன். அப்புறம் அந்த ஸ்ட்ரைக்கில் என்ன கிடைக்கிறது என்று பார்ப்பேன். பல சமயம் மூன்று ரூபாய், நான்கு ரூபாய்தான் இருக்கும். அப்போது விட்டுவிடுவேன். விடுவதுதான் இதில் கஷ்டமான வேலை.

இன்னொன்று, சரிந்த அன்று காலை 9.15-க்குப் பாயாதீர்கள். அந்த நேரத்துத் திரையை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். வாங்குபவர் 18.20 என்று நிற்பார், விற்பவர் 23.60 என்று நிற்பார், நடுவில் ஒருவரும் இல்லை. கிடைக்கிற விலைக்கு விற்கும் மார்க்கெட் ஆர்டர் போட்டால் 18.20-க்குப் போய்விடும். 550 பங்கு லாட்டில் அந்த ஐந்து ரூபாய் சொச்சம் கிட்டத்தட்ட மூவாயிரம் ரூபாய். மதியத்துக்குப் பிறகு இடைவெளி சுருங்கும். விலையை நாமே சொல்லும் லிமிட் ஆர்டர் போட்டுக் காத்திருங்கள்.

ஒரு லாட்டுக்கு எவ்வளவு பணம் வேண்டும்?

இதற்கு இரண்டு பதில் இருக்கிறது. புரோக்கரின் ஆப் காட்டும் மார்ஜின், அதாவது பிணையாக வைக்க வேண்டிய பணம், ஒன்று. மேலே சொன்ன 1,500 புட்டுக்கு அது ஒப்பந்த மதிப்பில் ஒரு பகுதிதான். உண்மையில் தேவைப்படக்கூடியது 1,500 × 550, அதாவது 8,25,000 ரூபாய்.

ஏனென்றால் 2019 அக்டோபரிலிருந்து இங்கே எல்லாப் பங்கு ஆப்ஷன்களும் டெலிவரியில்தான் முடிகின்றன. எக்ஸ்பைரி அன்று பங்கு, விற்ற புட்டின் ஸ்ட்ரைக்குக்குக் கீழே முடிந்தால் வித்தியாசத்தைக் கட்டிவிட்டு எழுந்து போக முடியாது. முழுப் பணத்தையும் கொடுத்துப் பங்கை வாங்கியாக வேண்டும். எக்ஸ்பைரிக்கு முந்தைய நாட்களிலேயே புரோக்கர்கள் மார்ஜினை ஏற்ற ஆரம்பித்துவிடுவார்கள்.

பங்கு வேகமாக ஆடினால் எக்ஸ்சேஞ்சும் மார்ஜினை ஏற்றும். அதாவது நீங்கள் நஷ்டத்தில் இருக்கும் அதே நாளில் கூடுதல் பணமும் கேட்பார்கள். அடமானம் வைத்த பங்குகளை மார்ஜினாகக் காட்டுபவர்களுக்கு மூன்றாவது அடியும் உண்டு: சந்தை மொத்தமாக விழுந்தால் அந்தப் பங்குகளின் மதிப்பும் குறையும். தவிர, மார்ஜினில் பாதி ரொக்கமாகவோ அதற்குச் சமமானதாகவோ இருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது.

ஆகவே என் கணக்கு எளிது. எட்டேகால் லட்சம் வங்கியிலோ லிக்விட் ஃபண்டிலோ இல்லையென்றால் அந்த லாட் எனக்கானது இல்லை. "மார்ஜின் போதுதே" என்று மூன்று லாட் விற்பவரைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

பங்கு ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது, நஷ்டத்தில். கால் விற்று ஈடுகட்டலாமா?

செய்யலாம், ஆனால் ஸ்ட்ரைக்கில் கவனம் வேண்டும். 1,500-க்குப் பங்கு வாங்கியவர் 1,370-இல் உட்கார்ந்து 1,500 கால் விற்கப் பார்த்தால் சில்லறைதான் கிடைக்கும். 1,400 கால் விற்றால் நல்ல பணம். அந்த நல்ல பணத்துக்குப் பின்னால், பங்கு திரும்பி ஏறினால் 1,400-க்குக் கொடுத்துவிடுகிறேன் என்ற வாக்கு இருக்கிறது. நஷ்டத்தை நாமே பூட்டிச் சாவியையும் கொடுத்த மாதிரி. விழுந்த பங்கு திரும்பும்போது சட்டென்று திரும்பும். 2024 பிப்ரவரியில் அடியில் இருந்த எச்.டி.எஃப்.சி. வங்கி ஏப்ரலில் 1,550-ஐ எட்டியதை நினைவில் வையுங்கள். வாங்கிய விலைக்குக் கீழே கால் விற்பதென்றால், அந்த விலைக்குப் பங்கு போனாலும் பரவாயில்லை என்று மனதாரச் சொல்ல முடிய வேண்டும்.

கையில் ஒரு லாட் முழுசாக இல்லாமல், 300 பங்கை வைத்துக்கொண்டு 550 பங்குக்கான கால் விற்காதீர்கள். டெலிவரி கொடுக்க முடியாத 250 பங்கு ஏலத்துக்குப் போகும். ஏல விலை நம் இஷ்டப்படி இருக்காது.

அமெரிக்கக் காணொலிகளில் காட்டுவதை அப்படியே இங்கே செய்யலாமா?

அங்கே ஒரு ஒப்பந்தம் பொதுவாக 100 பங்கு. பெரிய பங்குகளில் வாராவாரம் எக்ஸ்பைரி உண்டு. ஐந்தாயிரம் டாலர் வைத்துக்கொண்டு 50 டாலர் பங்கில் முழுப் பணத்தோடு புட் விற்கலாம். இங்கே தனிப் பங்குகளுக்கு மாத எக்ஸ்பைரிதான், லாட்டும் லட்சங்களில். ஒரு விஷயத்தில் மட்டும் நமக்கு வசதி: 2011-இலிருந்து இங்கே பங்கு ஆப்ஷன்கள் ஐரோப்பிய முறை, எக்ஸ்பைரிக்கு முன் யாரும் நம் தலையில் பங்கைக் கட்ட முடியாது.

கீழே ஒரு புட் வாங்கி ஸ்ப்ரெட்டாக வைத்தால் பிரச்சினை தீருமா?

நஷ்டத்துக்கு ஒரு எல்லை வரும், மார்ஜினும் குறையும். 1,500 விற்று 1,440 வாங்கினால் அதிகபட்ச நஷ்டம் 60 ரூபாய் கழித்தல் கிடைத்த நிகர பிரீமியம். புதியவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஆனால் எக்ஸ்பைரி அன்று பங்கு இரண்டு ஸ்ட்ரைக்குக்கும் நடுவில், 1,460-இல் முடிந்தால், வாங்கியது வீணாகும், விற்றது டெலிவரிக்குப் போகும். எட்டேகால் லட்சக் கேள்வி மறுபடி வாசலில் வந்து நிற்கும். எக்ஸ்பைரி வாரத்தில் ஸ்ப்ரெட்டை மூடிவிடுவது நல்லது.

நஷ்டமானால் அடுத்த மாதத்துக்கு ரோல் செய்துவிடலாமே?

ரோல் என்றால் இந்த மாதப் புட்டைத் திரும்ப வாங்கி மூடிவிட்டு அடுத்த மாதப் புட்டை விற்பது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு மருந்து நிறுவனப் பங்கு ஒரே நாளில் பதினொரு சதவீதம் விழுந்தபோது இரண்டு லாட் புட் விற்றேன். பங்கு மெதுவாக இறங்கியது. அடுத்த மாதத்துக்கு ரோல் செய்தேன், கூடவே கொஞ்சம் பிரீமியமும் வந்தது. "நஷ்டமே இல்லை, தள்ளித்தானே போட்டிருக்கிறோம்" என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். மறு மாதமும் அதே கதை. மூன்றாவது மாத எக்ஸ்பைரி வாரத்தில் சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் சாம்பார் முடிந்து ரசம் வரும் நேரத்தில் புரோக்கரிடமிருந்து குறுஞ்செய்தி: மார்ஜின் போதவில்லை, மதியம் இரண்டு மணிக்குள் கட்டவும். இலையை மூடிவிட்டு எழுந்தேன். மண்டபத்து மாடிப்படியில் உட்கார்ந்து, வீட்டுக்காரம்மாவின் பெயரில் இருந்த வைப்புத்தொகையை உடைக்கச் சொல்லி அவளிடமே கெஞ்ச வேண்டியிருந்தது. பாயசம் நன்றாக இருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

ரோல் செய்வது பழைய நஷ்டத்தை ஏற்றுக்கொண்டு புதிதாக ஒரு புட் விற்பது, வேறொன்றும் இல்லை. இன்று இந்தப் பங்கில் ஒன்றுமே இல்லாமல் இருந்தால் இந்தப் புது ஸ்ட்ரைக்கை விற்றிருப்பேனா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் ரோல் வேண்டாம். நல்ல விலைதான் என்றால் பங்கையே வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நஷ்டத்தை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

பங்கு பேன் பட்டியலில் வந்துவிட்டால்?

ஒரு பங்கில் மூடாமல் இருக்கும் ஒப்பந்தங்களின் மொத்த நிலுவை அனுமதித்த அளவில் 95 சதவீதத்தைத் தாண்டினால் அந்தப் பங்கில் இருக்கும் பொசிஷனைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. 80 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகுதான் கதவு திறக்கும். பெரிதாக விழும் பங்குகள் அடிக்கடி இதில் மாட்டும். ரோலை நம்பி இருப்பவருக்கு அன்று வழி குறுகிவிடும்.

"ஆப்ஷன் விற்பவர்தான் எப்போதும் ஜெயிப்பார்" என்கிறார்களே?

பத்துக்கு எட்டு தடவை ஜெயிக்கலாம். அந்த எட்டில் வந்ததை மீதி இரண்டு தின்றுவிட்டால் என்ன பலன்? 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். வாங்கியவர்கள், விற்றவர்கள் எல்லோரும் சேர்ந்த கணக்கு இது.

வரி?

எஃப் அண்ட் ஓ வருமானம் வணிக வருமானமாகத்தான் போகும், ஸ்பெக்குலேட்டிவ் அல்லாத வகை. சம்பளக்காரர்களும் பொதுவாக ஐ.டி.ஆர்.-3 என்ற வருமான வரிப் படிவத்தைப் போட வேண்டும். நஷ்டத்தை உரிய தேதிக்குள் காட்டினால் எட்டு வருடம் முன்னெடுத்துச் செல்லலாம். டெலிவரியில் வந்த பங்கை எப்படிக் காட்டுவது என்பதை உங்கள் ஆடிட்டரிடம் விட்டுவிடுங்கள்.

விற்ற மூன்றாம் நாளே பிரீமியம் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. எக்ஸ்பைரி வரை இருக்கட்டுமா?

மூடிவிடுங்கள். 22-க்கு விற்றது 7-க்கு வந்திருந்தால், 15 ரூபாய் கையில் வந்தாயிற்று. மீதி 7 ரூபாய்க்காக அதே எட்டேகால் லட்சத்தைப் பணயம் வைத்து இன்னும் ஒரு வாரம் உட்கார வேண்டும். 7-க்கு வாங்கிக் கணக்கை முடித்துவிட்டால் அன்று ராத்திரி அந்த நிறுவனம் என்ன அறிவித்தாலும் நமக்குச் செய்தி மட்டும்தான். நான் பாதிக்கு மேல் வந்ததும் திரும்ப வாங்கும் லிமிட் ஆர்டரை விற்ற அன்றே யோசித்து, தினமும் காலையில் போட்டுவிடுகிறேன். கல்யாணத்துக்குப் போவதாக இருந்தால் முதல் நாளே.